ஒரே தடவை பாடும் தட்டு

“போட்டுக் கேட்டா கெட்டுப்போயிரும். கேக்காம இருந்தா உள்ள இருக்கிறது என்னுதுதானான்னே தெரியாது. நாலு மணிக்கு லாரி கெளம்புது. நான் என்னங்க பண்ணுவேன்?”

மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார் திருஞானசம்பந்தம். வெயிலுக்கு வந்த வியர்வை அல்ல அது. தருமபுரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால்.

கூடத்தின் நடுவில் தட்டையான ஒரு மரப்பெட்டி. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் நீலமேகம். காரைக்கால் கோர்ட்டில் இருபது வருஷம் துபாஷியாக இருந்தவர். நீதிபதியின் பிரெஞ்சைக் கைதிக்கும், கைதியின் தமிழை நீதிபதிக்கும் சொல்லிச் சொல்லி, இரண்டு பாஷையிலும் பொய் எப்படி மூச்சு விடும் என்று கற்றுக்கொண்டவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊருக்கு அவர், பிரெஞ்சில் ஐயா என்று சொல்வது போல், ‘முசே’ நீலமேகம்தான்.

பக்கத்தில் நூகு. முப்பத்திரண்டு வயது. எட்டு வருஷம் சைகோன் கப்பலில் சமையல்காரன். ‘அப்போ கப்பல்ல குழம்பைக் கலக்கினேன், இப்போ முசேகூட சேந்து ஊரைக் கலக்குறேன்’ என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான். இன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது.

“மொதல்லேருந்து சொல்லுங்க” என்றார் நீலமேகம்.

சம்பந்தம் கிளாரினெட் வாசிப்பவர். அரசலாறு இசைக் குழு அவருடையது. பாட்டுக்கு சௌந்தரவல்லி, டோலக்குக்கு முத்தையன், ஆர்மோனியத்துக்கு ஒருவர். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, எல்லாவற்றிலும் வாசித்துப் பெயர் எடுத்தவர்கள். மெட்ராஸில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டில் ஏறி இறங்கினார்கள். ஒருவர் பாடுகிறவளை மாற்றச் சொன்னார். இன்னொருவர் பாட்டையே மாற்றச் சொன்னார்.

“யாரும் வேணாம், நாமளே போட்டுக்குவோம்னு முடிவு பண்ணினோம். பாரீஸ்ல ஒரு தொழிற்சாலை. புதுசா வந்திருக்கே, கீழ போட்டா உடையாத வினைல் தட்டு, அதுல முந்நூறு அடிச்சுத் தரேன்னு ஒத்துக்கிட்டாங்க. நாங்க தாய்த் தட்டு மட்டும் அனுப்பணும்.”

அந்தத் தாய்த் தட்டுதான் பெட்டிக்குள் இருந்தது. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி மெத்தென்ற அரக்குப் பூச்சு. சைகோனிலிருந்து தட்டு வெட்டும் யந்திரத்தோடு திரும்பியிருந்த ஜெய்னுலாபுதீன் தன் வீட்டிலேயே அவர்களைப் பாடவைத்து வெட்டிக் கொடுத்தது. பாரீஸில் அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். அதுவரை அதன் மேல் ஊசி படக் கூடாது. ஒரே ஒரு தடவை கிராமபோனில் வைத்தாலும் ஊசி உழுதுவிடும். பிறகு அது குப்பை.

“நாளைக்குக் காலையில புதுச்சேரியில கப்பல். லாரி ஆறு மணிக்குள்ள பிரெஞ்சு எல்லையில பூவம் சுங்கச் சாவடியைத் தாண்டியாகணும். இதை விட்டா, பாரீஸ்காரன் எங்களுக்குக் குடுத்த நாள் போச்சு. மறுபடி எப்பக் குடுப்பானோ, குடுக்கவே மாட்டானோ!”

“பெட்டியை யாரோ திறந்திருக்காங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

சம்பந்தம் மூடியின் விளிம்பைக் காட்டினார். பூட்டுக்கு மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. “ரெண்டு வாரம் முன்னாடி நான் ஒட்டினது. காலையில பாத்தா ஓரம் பிசுபிசுப்பா இருக்கு. கிழிச்சிட்டுப் புதுசா ஒட்டியிருக்காங்க. ஒரு பக்கம் மட்டும் உரிச்சுத் திறந்தேன். உள்ள ஒரு தட்டு இருக்கு. மேலே உறை போட்டபடியே பாத்தேன். தொடப் பயமா இருந்துச்சு.”

நீலமேகம் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினார். அடியில் ஏதோ வெள்ளையாக நசுங்கிக் கிடந்தது.

“நீங்க எதைப் போட்டு ஒட்டினீங்க?”

“கோந்துதான்.”

“இது சோத்துப் பருக்கை.”

நூகு எட்டிப் பார்த்தான். “திருடன் சாப்பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சு வந்திருக்கான் முசே. பாவம், மோர் சாதம் வரைக்கும் காத்திருக்கப்படாது?”

நீலமேகம் சிரிக்கவில்லை. “சாவி?”

சம்பந்தம் வேட்டியை லேசாகத் தளர்த்தி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். அதில் ஒரு சின்ன பித்தளைச் சாவி. “இது இடுப்பை விட்டு இறங்கவே இறங்காதுங்க.”

நீலமேகம் முதலில் கயிற்றைத் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு சாவியைத் தொட்டார். அந்த விரலைத் துடைக்கவில்லை. நூகு அதைக் கவனித்தான். என்ன அர்த்தம் என்று மட்டும் புரியவில்லை.

“நேத்து சனிக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா?”

“ஆமாங்க. வாரா வாரம் உண்டு.”

அந்த நேரம் உள்ளேயிருந்து சம்பந்தத்தின் மனைவி குஞ்சம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். குள்ளமான, சதைப்பிடிப்பில்லாத உருவம். நூகு தம்ளரை வாங்கிக்கொண்டு, “அக்கா, நீங்க யாரையாவது பாத்தீங்களா? வெளியாள் யாராவது வந்தாங்களா?” என்று கேட்டான்.

“அவளை ஏன் கேக்குறீங்க? அடுப்படியை விட்டு வந்தாத்தானே அவளுக்கு ஏதாவது தெரியும்” என்றார் சம்பந்தம்.

குஞ்சம்மா திரும்பி உள்ளே போனாள்.

“சௌந்தரவல்லிக்கு மெட்ராஸ்லேருந்து போன வாரம் ஒரு கடுதாசி வந்துச்சு” என்று சம்பந்தம் குரலைத் தாழ்த்தினார். “குழுவை விட்டுட்டுத் தனியா வந்தா எடுத்துக்கிறோம்னு. அது போகலேன்னுதான் சொல்லுது. ஆனா ஒருத்தர் மனசுக்குள்ள நாம போய்ப் பாக்க முடியுமா?”

நீலமேகம் எழுந்தார். “இதுக்குள்ள இருக்கிறது வேற தட்டுன்னா, அதை வெட்டின கை ஒண்ணுதான் இருக்க முடியும். நூகு, சைக்கிளை எடு.”

*

ஜெய்னுலாபுதீனின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால். வழியெல்லாம் நூகுவின் வாய் ஓயவில்லை. பின்னால் காரியரில் உட்கார்ந்திருந்த நீலமேகம் குடையைப் பிடித்தபடி பேசாமல் வந்தார்.

“முசே, எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணுதான். தனக்கு மட்டும் பேர் வரணும்னு தட்டை மாத்திட்டா.”

“தனக்குப் பேர் வரணும்னு நினைக்கிறவ, தன் குரல் இருக்கிற தட்டையே ஏன் எடுக்கணும்?”

நூகு பெடலை நாலு மிதி மிதிக்கும்வரை யோசித்தான். “அப்போ அவ இல்லே.”

“இது நல்லாயிருக்கு. பாலம் வர்றதுக்குள்ள ஒரு ஆளை விடுதலை பண்ணிட்டே.”

ஜெய்னுலாபுதீன் நாற்பது வயதுக்காரர். வாசலில் அவர்களைக் கண்டதும் முகம் வெளுத்தது. அதை மறைக்க அவசரமாகச் சிரித்தார். “வாங்க முசே, வாங்க. நூகு, வா தம்பி. ஜொஹரா, ரெண்டு சர்பத் கொண்டா.”

பதிவு அறை மாடியில். ஜன்னல்களில் கனமான கம்பளி தொங்கியது. மூலையில் தட்டு வெட்டும் யந்திரம். நீலமேகம் யந்திரத்தின் பக்கமே போகவில்லை. அறையின் நடுவில் இருந்த மைக்கின் முன்னால் போய் நின்றார். அது அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் தரையில் ஒரு மணைப் பலகை. பக்கத்தில் ஒரு சுருதிப் பெட்டி. வேறு ஒன்றுமில்லை.

“நூகு, சௌந்தரவல்லி எவ்வளவு உயரம்?”

“தென்னங்கன்னு மாதிரி. நின்னுக்கிட்டுத்தான் பாடுவா. நான் கல்யாணத்துல பாத்திருக்கேன்.”

“அப்ப இந்த மைக்கு கடைசியா யார் பாட்டைக் கேட்டுச்சு?”

நூகு மைக்கைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது. “டோலக்கு முத்தையன்! அவன்தான் குள்ளம்.”

“முத்தையன் பாடினா மைக்கே எந்திரிச்சு வெளிய போயிடும்.”

யந்திரத்தின் அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. நீலமேகம் அதைத் திறந்தார். உள்ளே கூந்தல் கற்றை மாதிரி கருப்பு நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. தட்டை வெட்டும்போது ஊசி சீவித் தள்ளும் அரக்கு. ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றினார். உடையாமல் வளைந்தது.

“நானா” என்று ஜெய்னுலாபுதீனை அண்ணன் முறையில் அழைத்தான் நூகு. “ரெண்டு வாரத்துக்கு முந்தினதுன்னா இது காஞ்சு முறியணுமே. நான் சமையக்காரன். புதுசு எது, பழசு எதுன்னு தொட்டாலே சொல்லிருவேன்.”

ஜெய்னுலாபுதீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “புதன்கிழமை ஒரு தட்டு வெட்டினேன். இல்லேங்கலே.”

புதன்கிழமை இசைக் குழு முழுவதும் சுரக்குடியில் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. அது ஊருக்கே தெரியும்.

“யாருக்கு?”

“அது மட்டும் கேக்காதீங்க முசே. வாக்குக் குடுத்துட்டேன். நான் எதையும் திருடலை, அல்லாஹ்மேல ஆணை. ஞாபகத்துக்கு வெச்சுக்கத்தான்னு சொன்னாங்க. வெட்டிக் குடுத்தேன்.”

கதவு மறைவிலிருந்து சர்பத் தம்ளர்களை நீட்டிய ஜொஹரா மெதுவாகச் சொன்னாள். “உக்காந்துதான் பாடுவேன்னாங்க, அதான் மைக்கை இறக்கினாங்க. என்னா குரல்! எனக்கு அழுகையே வந்துருச்சு.”

“ஜொஹரா!”

தம்ளர்களை வைத்துவிட்டுக் கை மறைந்தது.

நீலமேகம் சர்பத்தைக் குடித்து முடித்தார். நிதானமாகத்தான் குடித்தார். நூகுவுக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் மணி இரண்டே கால்.

“சரி, நாங்க வர்றோம். சம்பந்தத்தோட பெட்டியில இருக்கிற தட்டைப் போட்டே கேட்டுற வேண்டியதுதான்.”

“வேணாம்!” ஜெய்னுலாபுதீன் இரண்டு கையையும் நீட்டி வழியை மறித்தார். “அதைப் போட்டுறாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன். அது ஒண்ணுதான் இருக்கு. எங்கிட்ட வேற வெறும் தட்டுகூடக் கெடையாது.”

நீலமேகம் அவர் தோளைத் தட்டினார். “எனக்கு அது போதும்.”

வெளியே வந்து சைக்கிளில் ஏறி மிதிக்கும்போது நூகு கேட்டான். “என்ன போதும் முசே? எனக்கு ஒண்ணுமே போதலையே!”

“பெட்டியில இருக்கிறது பொய்த் தட்டுன்னா அவர் ஏன் பதறணும்? குப்பைதானே, உழுதா உழுதுட்டுப் போகுது. நிஜத் தட்டுன்னா சம்பந்தத்துக்காகப் பதறலாம். ஆனா புதன்கிழமை வெட்டின தட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கையில அவர் சொன்னது என்ன? ‘அது ஒண்ணுதான் இருக்கு.’ அப்போ உள்ள இருக்கிறது சம்பந்தத்தோடது இல்லே. அதே சமயம் குப்பையும் இல்லே. யாருக்கோ அது உசிரு.”

“யாருக்கு?”

“சோத்துப் பருக்கையால ஒட்டுறது யாரு? கோந்து எங்க இருக்குன்னு தேட நேரமில்லாதவங்க. கைக்கெட்டின தூரத்துல சோத்துப் பானை இருக்கிறவங்க. அரைஞாண்ல எண்ணெய்ப் பிசுக்கு. அதுலயே கோத்த சாவி மட்டும் காஞ்சு சுத்தமா இருக்கு. ஏன்? எண்ணெய் தேச்சுக் குளிக்கையில சாவி அந்தக் கயித்துல இல்லே. அவரு முதுகுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் உண்டு. தேய்க்கையில அவரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருப்பாரு.”

நூகுவின் கால் பெடலில் வழுக்கியது. காபித் தம்ளரை நீட்டிய மெலிந்த கை ஞாபகம் வந்தது. அவளிடம் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னது என்பதும் ஞாபகம் வந்தது.

“அந்த அக்காவா?”

“சீக்கிரம் மிதி. அந்த மனுஷன் பொறுமையில்லாதவர். நாம போறதுக்குள்ள ஊசியைக் கையில எடுத்துறப் போறாரு.”

*

அவர்கள் திரும்பியபோது மணி மூன்று. கூடத்தில் சௌந்தரவல்லியும் முத்தையனும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி திறந்து கிடந்தது. சம்பந்தம் கிராமபோனின் சாவியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க” என்றார் நீலமேகம்.

“என்னால தாங்க முடியலைங்க. ஒண்ணு, இது என்னுதுன்னு தெரியணும். இல்லே, எவன் மாத்தினான்னு தெரியணும்.”

“இது உங்க தட்டு இல்லே. அதைச் சொல்றதுக்கு இது பாட வேண்டியதில்லை. இங்க வாங்க.”

தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, முற்றத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். கருப்புப் பரப்பில் ஆயிரம் மெல்லிய கோடுகள் மினுங்கின.

“உங்க பாட்டுல நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் நிறுத்துவீங்களே?”

“ஆமா. தாளத்துல ஆறு அட்சரம். மூச்சுச் சத்தம்கூட வராது. அதுக்கப்புறம்தான் கிளாரினெட் எடுக்கும்.”

“சத்தம் இருக்கிற இடத்துல கோடு நடுங்கும். மௌனமா இருக்கிற இடத்துல நேரா ஓடும். வெயில்ல பாத்தா அந்த இடம் மட்டும் மோதிரம் மாதிரி வழவழன்னு தெரியணும். இதுல மோதிரம் எங்க?”

நூகு குனிந்து பார்த்தான். முத்தையன் பார்த்தான். மோதிரம் இல்லை. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே சீராக, மெல்லிய நடுக்கம்.

“ஒரு குரல், ஒரு சுருதிப் பெட்டி. கிளாரினெட்டும் டோலக்கும் இதுல கிடையாது. உங்க தட்டு பத்திரமா இருக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷம் குடுங்க, உங்க கையில—”

“யாரு பாடியிருக்கான்னு நான் தெரிஞ்சுக்கணும்!”

சம்பந்தம் தட்டைப் பிடுங்கினார். நீலமேகம் கையை நீட்டுவதற்குள் அது கிராமபோனின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கனமான பித்தளைக் கழுத்து இறங்கியது. எஃகு ஊசி அரக்கில் பதிந்தது.

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

*உப்புக் காத்து வீசுதடி, ஊர் விளக்கு அணையுதடி,*
*கப்பல் ஏறிப் போனவர்க்குக் கடுதாசி யார் கொடுப்பார்...*

அது சௌந்தரவல்லியின் குரல் இல்லை. பழகாத குரல். மேடையில் நின்று பாடுகிறவர்களுக்கு இருக்கும் மினுக்கு அதில் இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, நமக்கு மட்டும் சொல்வது போல் இருந்தது. நூகுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வருஷம் கப்பலில் இருந்தவன், வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதத் தெரியாது என்பதில்லை, எழுதவில்லை. இதே பாட்டைக் கல்யாணங்களில் அவன் பத்துத் தடவை கேட்டிருக்கிறான். தாளம் போட்டிருக்கிறான். அது தன்னைப் பற்றியது என்று இன்றுதான் உறைத்தது.

ஊசி முனையில் ஒரு கருப்பு இழை சுருண்டு எழுந்தது. பிறகு இன்னொன்று. பாடப் பாட ஊசி தட்டைச் சீவிக்கொண்டே போனது. கடந்துபோன ஒவ்வொரு வரியும் திரும்பி வராத வரி.

நூகு பாய்ந்து ஊசியைத் தூக்கப் போனான்.

“விடுங்க தம்பி.”

அடுப்படி நிலையில் குஞ்சம்மா நின்றாள். “இனிமே தூக்கி என்ன ஆகப்போகுது? பாதி போயாச்சு. முழுசா பாடட்டும்.”

நூகு கையை இழுத்துக்கொண்டான். சம்பந்தம் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு இது? நல்ல சாரீரம். மெட்ராஸ் குரலா? சௌந்தரம், உனக்குத் தெரியுதா? யாரு இது?”

நடிப்பில்லை. நிஜமாகவே கேட்டார். பதினாலு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் மூன்று முழத் தூரத்தில் நின்றாள். சௌந்தரவல்லி அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டு கடைசி வரிக்கு வந்தது. அரசலாறு குழு பாடும்போது அந்த வரி ‘கடுதாசி எழுதி வெச்சேன், காத்தே நீ கொண்டு போ’ என்று முடியும். தட்டில் இருந்த குரல் வேறு மாதிரி பாடியது.

*குஞ்சம்மா எழுதி வெச்சேன், காத்தே நீ கொண்டு போ.*

ஊசி நடுவில் போய் முட்டி, கிறீச் கிறீச் என்று சுற்றியது. நீலமேகம் அதைத் தூக்கி வைத்தார். தட்டின் மேல் கருப்பு நூல் ஒரு கைப்பிடி கிடந்தது.

சம்பந்தம் மெல்லத் திரும்பினார். “நீயா?”

குஞ்சம்மா உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கூறைப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்த ஒரு தட்டை எடுத்துவந்து, முற்றத்து வெயிலில் நீலமேகத்திடம் கொடுத்தாள். அவர் சாய்த்துப் பார்த்தார். நடுவில் ஒரு மோதிரம் வழவழவென்று மின்னியது. ஒரு கீறல் இல்லை.

“இதுதான் உங்களது” என்றார் சம்பந்தத்திடம். “தட்டைத் திருடினது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு. பாட்டைத் திருடினது யாருன்னு நீங்க கேக்கலை. அதுவும் தெரிஞ்சு போச்சு.”

“திருட்டா?” சம்பந்தத்தின் முகம் சிவந்தது. “மெட்டு என்னுதுங்க! நாலு மாசம் ராப்பகலா உக்காந்து போட்ட மெட்டு. மெட்டு இல்லேன்னா அது வெறும் நோட்டுப் புத்தகத்துக் கிறுக்கல்!”

“மெட்டு உங்களதுதான்” என்றாள் குஞ்சம்மா. “நான் இல்லேன்னு சொல்லலியே. நீங்க வெளியூர் போயிருக்கையில அந்த மெட்டுலதானே தனியா பாடிக்கிட்டிருக்கேன். லேபிள்ல என்ன எழுதினீங்க? பாட்டும் மெட்டும் திருஞானசம்பந்தம். சொல்லெல்லாம் என்னோடது, பேரைப் போடுங்கன்னு கேட்டேன். இடமில்லேன்னீங்க. அதுல யானைப் படம் போட இடம் இருந்துச்சு.”

முத்தையன் தரையைப் பார்த்தான். யானைப் படம் அவன் யோசனை.

“கடைசி வரியில என் பேர் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டுக் கடுதாசின்னு போட்டீங்க. சரி, உங்க குழு பாடுறது உங்க இஷ்டம். ஆனா நான் எழுதினது நான் எழுதினபடி ஒரு தட்டுலயாவது போகட்டும்னு நெனைச்சேன். சமுத்திரம் தாண்டிப் போயி முந்நூறா திரும்பி வரட்டும். வந்தப்புறம் நீங்க என்னை அடிச்சாலும் சரி, வெரட்டினாலும் சரின்னு நெனைச்சேன்.” அவள் குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை. “இப்போ அது போச்சு. போகட்டும்.”

வெளியே லாரியின் ஹாரன். மணி மூன்றே கால்தான் ஆகியிருந்தது. டிரைவர் சீக்கிரமே வந்துவிட்டான்.

சம்பந்தம் அவசரமாகத் தட்டை வாங்கி உறையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்து, பூட்டக் கையை நீட்டினார். அந்தக் கைக்கு முன்னால் இன்னொரு கை வந்து மூடியை அழுத்திப் பிடித்தது. சௌந்தரவல்லி.

“அண்ணே, இதுல இருக்கிறது என் குரல். அக்கா பேர் இல்லாம இது லாரி ஏறாது.”

“சௌந்தரம், நேரமாகுது...”

“ஆகட்டும். கப்பல் போனாப் போகட்டும். மெட்ராஸ்காரன் தனியா வான்னு கூப்பிட்டான், நான் போகலை. ஏன்னு நீங்க கேக்கவே இல்லை. இந்தப் பாட்டை விட்டுட்டுப் போக மனசில்லை. பாடுற ஒவ்வொரு தடவையும், இந்தச் சொல்லெல்லாம் இவருக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் திகைப்பா இருக்கும். வாசல்ல காத்திருக்கிற பொம்பளையோட சொல்லுல்ல இது.”

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

சம்பந்தம் நீலமேகத்தைப் பார்த்தார். அவர் குடையைச் சுருக்கிக்கொண்டிருந்தார். நூகுவைப் பார்த்தார். நூகு வாசலுக்குப் போய், “கொஞ்சம் இருப்பா, உள்ள ஒரு பேரு எழுதுறாங்க” என்று டிரைவரிடம் கத்திவிட்டு வந்தான். அதைச் சொல்ல அவனுக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

சம்பந்தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தட்டோடு பாரீஸுக்குப் போகவேண்டிய லேபிள் காகிதத்தைப் பெட்டியின் மேல் விரித்தார். ‘பாட்டும்’ என்ற சொல்லை அடித்தார். பேனா அங்கேயே நின்றது. பெயர் தெரியாமல் இல்லை. பதினாலு வருஷத்தில் அந்தக் கை அந்தப் பெயரை எழுதியதில்லை.

“குடுங்க” என்றாள் குஞ்சம்மா. “எனக்கு எழுதத் தெரியும்.”

வாங்கினாள். பெட்டியின் முன் மண்டியிட்டு, பிசிறில்லாத குண்டு எழுத்தில் எழுதினாள். *பாட்டு: குஞ்சம்மா. மெட்டு: திருஞானசம்பந்தம்.* யானைப் படத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். மை காயும்வரை ஊதி, காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

முத்தையனும் நூகுவும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். வைக்கோல் பரப்பி, அதன் மேல் வைத்து, கயிறு கட்டினார்கள். சம்பந்தமும் ஏறிக்கொள்ள வேண்டும். புதுச்சேரிவரை அவர்தான் கொண்டுபோகிறார். ஒரு காலை லாரிப் படியில் வைத்தவர் இறங்கி, திரும்பி உள்ளே வந்தார். கூடத்தில் குஞ்சம்மா தட்டின் மேல் கிடந்த கருப்பு இழைகளை ஒரு முறத்தில் வழித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிட்டே போனார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதை மறந்தவர் போலக் கேட்டார். “நான் சரியாக் கேக்கலை. பாதி நேரம் யாரு யாருன்னே யோசிச்சுக்கிட்டிருந்தேன். நாளான்னைக்குத் திரும்பி வந்துருவேன். எனக்காக ஒரு தரம் பாடுவியா?”

குஞ்சம்மா முறத்தோடு எழுந்தாள்.

“ஜெய்னுலாபுதீன் அண்ணன்கிட்ட வெறும் தட்டு தீந்துபோச்சாம். சைகோன்லேருந்து வரணுமாம். போற வழியில அவருகிட்ட ஒண்ணு வேணும்னு சொல்லி வெச்சுட்டுப் போங்க. அது வரட்டும், பாடுறேன்.”